யாரிடம் பேசுகிறது அரசு?

2022 அக்டோபர் 18-ஆம் தேதி, தமிழ்நாடு சட்டப்பேரவையில் ஒரே நாளில் இரண்டு விசாரணை ஆணையங்களின் அறிக்கைகள் வைக்கப்பட்டன. ஒன்று, முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் மரணம் குறித்து ஓய்வுபெற்ற நீதிபதி ஆறுமுகசாமி அளித்தது. மற்றொன்று, தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு குறித்து ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் அளித்தது. எதிர்க்கட்சித் துணைத் தலைவர் இருக்கை யாருக்கு என்ற தகராறில் அதிமுக உறுப்பினர்கள் பேரவையிலிருந்து வெளியேற்றப்பட்டதும் அதே நாளில்தான். இருக்கைச் சண்டையும் இரண்டு பெரும் அறிக்கைகளும் அன்றைய மாலைச் செய்திகளில் இடத்துக்குப் போட்டியிட்டன.

இரு அறிக்கைகளையும் குறித்துப் பின்னர் நடந்த விவாதமெல்லாம் யார் குற்றவாளி என்பதைப் பற்றியே இருந்தது. அவற்றில் பதிவாகியிருந்த இன்னொரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. நெருக்கடி நடந்துகொண்டிருந்தபோது ஆட்சியில் இருந்தவர்கள் மக்களிடம் என்ன சொன்னார்கள், அது எந்த அளவுக்கு உண்மை என்பதே அந்தச் செய்தி.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, மற்றவர்களைப்போலத் தாமும் தொலைக்காட்சியைப் பார்த்தே நிகழ்வை அறிந்துகொண்டதாகச் செய்தியாளர்களிடம் கூறினார். தலைமைச் செயலாளர், காவல் துறைத் தலைவர், உளவுத் துறைத் தலைவர் ஆகியோர் அவ்வப்போது அவருக்குத் தகவல் அளித்துக்கொண்டே இருந்தார்கள் என்றும், எனவே அவர் கூறியது சரியல்ல என்றும் ஆணையம் முடிவுக்கு வந்தது. ஒரு வாக்கியம் சரியா, தவறா என்பதை அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொள்ள நமக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு பொதுத் தேர்தலே வந்து போய்விட்டது.

துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணைய சேவை முடக்கப்பட்டது. வதந்தி பரவாமல் தடுப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. முதலமைச்சருக்கும் தொலைக்காட்சி, மக்களுக்கும் தொலைக்காட்சி என்றால், தொலைக்காட்சிக்குச் சொல்வது யார்? அந்தக் கேள்விக்கு அன்று எவரும் விடையளிக்கவில்லை.

இனி 2016. செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா சென்னை அப்போலோ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் என்பது முதல் அறிவிப்பு. அதன் பின்னர் 75 நாள்கள், ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களை ஆளும் ஒருவரின் நிலை குறித்து நமக்குக் கிடைத்தவை மருத்துவமனையின் சுருக்கமான அறிக்கைகளும், வாயிலில் நின்று கட்சியினர் சொன்ன ஆறுதல் வார்த்தைகளும்தாம். ஒரு புகைப்படம்கூட வெளியாகவில்லை. அக்டோபர் 11 அன்று முதலமைச்சரின் துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கப்பட்டதாக ஆளுநர் மாளிகை அறிவித்தது. இடைத்தேர்தல் வேட்பாளர்களின் கட்சிப் படிவங்களில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கைரேகை இருந்தது. அந்தக் கைரேகை, அறிக்கைகள் அனைத்தையும்விட அதிகம் பேசியது என்று சொன்னால் மிகையாகாது.

பொருளியல் வகுப்பறைகளில் நீண்ட காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு பழைய பாடம் தெரிகிறது. மக்களுக்கு இன்றியமையாத ஒரு பண்டத்தின் வரத்தை அரசு நிறுத்திவிட்டால் அதற்கான தேவை மறைந்துவிடுவதில்லை. அது கள்ளச்சந்தைக்கு இடம்பெயர்கிறது. அங்கே தரக் கட்டுப்பாடு கிடையாது, எடைக்கல் கிடையாது, விற்பவரின் பெயரும் தெரியாது. ஆனாலும் வாங்குவதற்குக் கூட்டம் இருக்கும். தகவலும் அப்படிப்பட்ட பண்டம்தான். வதந்தி என்பது தகவலின் கள்ளச்சந்தை. நியாயவிலைக் கடையைப் பூட்டிவைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களைப் பதுக்கல்காரர்கள் என்று கைது செய்வது எப்படியோ, அப்படித்தான் இருந்தது அந்த நாள்களில் முதலமைச்சரின் உடல்நிலை பற்றிச் சமூக ஊடகங்களில் எழுதியவர்கள்மீது காவல் துறை எடுத்த நடவடிக்கை.

தட்டுப்பாட்டின் விலையை ஊடகங்களும் கொடுத்தன. டிசம்பர் 5 மாலையில் சில தொலைக்காட்சிகள் அவர் காலமாகிவிட்டதாக அறிவித்தன. அதிமுக தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டது. மருத்துவமனை மறுத்தது, கொடி மீண்டும் ஏற்றப்பட்டது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக நள்ளிரவுக்குப் பின் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. ஆறுமுகசாமி ஆணையமோ, சாட்சியங்களின் அடிப்படையில், அதற்கு முந்தைய நாள் பிற்பகலிலேயே மரணம் நிகழ்ந்துவிட்டதாகக் கூறியது. எய்ம்ஸ் மருத்துவர் குழு, அளிக்கப்பட்ட சிகிச்சை சரியானதே என்று கருத்துத் தெரிவித்தது. சிகிச்சையில் பிழை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அதைச் சொன்ன முறையில் இருந்த பிழை, சிகிச்சையின் மீதே ஐயத்தைப் படியவைத்துவிட்டது.

மறுஆண்டு செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் ஒரு பொதுக்கூட்டத்தில், அம்மா இட்லி சாப்பிட்டார் என்று தாங்கள் சொன்னதெல்லாம் பொய் என்று கூறி மன்னிப்புக் கேட்டார். டிசம்பரில், ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், மருத்துவமனையில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட காணொலி ஒன்று வெளியிடப்பட்டது. 2016-இல் மக்களுக்கு மறுக்கப்பட்ட சரக்கு, 2017-இல் தேர்தல் சந்தைக்கு வந்தது!

இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அதே மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டபோது, சுகாதாரத் துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே செய்தியாளர்களைச் சந்தித்து உடல்நிலையை விளக்கிவந்தார். அவரே ஒரு மருத்துவர். அவர் சொன்னதை எதிர்க்கட்சியினர் முழுமையாக நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். புரூக்ளின் மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். இருந்த காட்சிகள் அந்த ஆண்டுத் தேர்தலில் ஊர் ஊராகத் திரையிடப்பட்டதை மறந்துவிடவும் இல்லை, அதுவும் பிரசாரமே. எனினும், கேள்வி கேட்கப்படும் இடத்தில் பெயரும் பதவியும் உடைய ஒருவர் வந்து நின்றார். 32 ஆண்டுகள் கழித்து, இருபத்துநான்கு மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் வந்துவிட்ட காலத்தில், அந்த நாற்காலி காலியாக இருந்தது.

ஏன் இவ்வாறு நடக்கிறது? ஆட்சியாளர்களின் கெட்ட எண்ணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஓர் அதிகாரியின் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. பேசிய சொல் பின்னர் தவறாகிப்போனால் அவருக்கு விளக்கக் கடிதம், இடமாற்றம். பேசாமல் இருந்ததற்காக எவரும் தண்டிக்கப்பட்டதில்லை. மௌனத்துக்கு விலையே இல்லாத இடத்தில் மௌனம்தான் மிகுதியாக உற்பத்தியாகும்.

ஊடகங்களுக்கும் இதுபோன்ற ஒரு கணக்கு உண்டு. ஒரு செய்தியாளரை ஒளிப்பதிவாளருடன் தூத்துக்குடிக்கு அனுப்பி ஒரு வாரம் தங்கவைப்பதற்கு ஆகும் செலவைவிட, நான்கு கட்சிப் பேச்சாளர்களை அழைத்து ஒரு மணி நேரம் வாதிடவைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு; பார்வையாளர்களும் அதற்கே கூடுதல். கட்சிக்கொரு தொலைக்காட்சி என்ற நம் மாநிலத்துக்கே உரிய ஏற்பாட்டில், எந்தச் செய்தியை எங்கே பார்த்தோம் என்பதைக் கொண்டே அதன் பாதி உள்ளடக்கத்தைச் சொல்லிவிடலாம். இதற்கு மேல், அரசே ஒரு கேபிள் நிறுவனத்தை நடத்துகிறது. அரசே பெரிய விளம்பரதாரர். வாடிக்கையாளரும் வழித்தடத்தின் உரிமையாளரும் ஒருவராகவே இருக்கும் சந்தையில், அவரைப் பற்றிக் கேள்வி எழுப்பும் துணிவு எத்தனை நிறுவனங்களுக்கு இருக்கும்? ஆனாலும் அத்தகையவர்கள் இருக்கிறார்கள். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் முடிவுகளை, பேரவையில் வைக்கப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ‘ஃபிரண்ட்லைன்’ இதழ் வெளியிட்டது.

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கனஅடி வரை சென்றது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரி பூந்தமல்லிக்கு அருகில் இருக்கிறது. வெள்ள எச்சரிக்கை விடுக்க வேண்டியது காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகம். பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். உபரிநீர் அடையாற்றில் ஓடிக் கடலில் சேர்வதோ சென்னை மாவட்டத்தில். மூன்று ஆட்சியர்களின் எல்லைக்குள் ஓடும் தண்ணீருக்கு எல்லை தெரியாது.

நான் வசிக்கும் அம்பத்தூர் அப்போது இன்னும் விசித்திரமான நிலையில் இருந்தது. 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி. வருவாய்த் துறைக் கணக்கிலோ 2018 வரை திருவள்ளூர் மாவட்டம். மழைக்காலத்தில் சென்னைக்குப் பள்ளி விடுமுறை என்றால் அது எங்களுக்குப் பொருந்துமா என்பதையே காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விடுமுறைக்கே அந்த நிலை என்றால் வெள்ளத்துக்கு என்ன சொல்வது? டிசம்பர் முதல் வாரத்தில் அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் புழல் ஏரி உடைந்துவிட்டது, செம்பரம்பாக்கம் உடைந்துவிட்டது என்ற பேச்சுகள் மாறி மாறி வந்தன. மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்கள் இயங்கவில்லை. 1878 முதல் வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் செல்ல முடியவில்லை.

அந்த நாள்களில் அரசு அறிவிக்கவே இல்லையா என்றால், அறிவித்தது. இத்தனை கனஅடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்று செய்தி வந்தது. ஆனால், மணப்பாக்கத்தில் இரண்டாவது தளத்தில் வசிக்கும் ஓர் ஆசிரியைக்கு வினாடிக்கு 29,000 கனஅடி என்றால் என்ன பொருள்? தன் வீட்டு வாசலில் முழங்கால் அளவு நீரா, கழுத்தளவு நீரா? இன்றிரவா, நாளைக் காலையா? அந்த எண் பொறியாளருக்குப் புரியும். பின்னாளில் விசாரணை வந்தால் கோப்புக்கு உதவும். முடிவெடுக்க வேண்டியவருக்கு அது எழுத்துகளாலான ஓசை மட்டுமே.

வெள்ளம் வடிந்து பல நாள்கள் கழித்து, ஏரியை நிர்வகித்ததில் தவறில்லை என்று விளக்கித் தலைமைச் செயலாளர் நீண்ட அறிக்கை வெளியிட்டார். முதலமைச்சர் ஜெயலலிதா வாட்ஸ்ஆப் வழியே ஓர் ஒலிப்பதிவில் மக்களுக்கு உருக்கமாக ஆறுதல் சொன்னார். முன்னது எதிர்க்கட்சிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் எழுதப்பட்டது. பின்னது வாக்காளர்களுக்குப் பேசப்பட்டது. இரண்டிலும் எதிர்க்கேள்விக்கு இடமில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் பேரவைக்கு வந்தபோது, நடந்தது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. மீண்டும் அதே கதைதான்: தகவல் வந்துசேர்ந்தது, தேவைப்பட்ட நாளில் வரவில்லை.

இதில் ஒரு முன்னேற்றத்தையும் குறிப்பிடாமல் இருப்பது நியாயமாகாது. இப்போதெல்லாம் செம்பரம்பாக்கத்தில் 100 கனஅடி திறப்பதற்கு முன்பே அறிவிப்பு வருகிறது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. திறக்கப்படும் நேரமும் இருக்கிறது. இலக்கிய நயம் ஏதும் இல்லாத அந்த நான்கு வரிகளைத்தான் அண்மைக்கால அரசுச் செய்திக் குறிப்புகளில் சிறந்ததாக நான் கருதுகிறேன். குன்றத்தூரில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு வண்டியை மேட்டில் நிறுத்தலாம்.

ஆனால், அதே நிர்வாகம் அரசியல் சூடு ஏறியவுடன் பழைய மொழிக்குத் திரும்பிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு தொழிற்கூடங்களுக்குள் நீர் புகுந்தது. தொலைக்காட்சிகளில் வாரக்கணக்கில் நடந்தது, மழைநீர் வடிகாலுக்கான ரூ.4,000 கோடி எங்கே போயிற்று என்ற வாதம். கேட்கப்படவேண்டிய கேள்விதான். ஆனால் எந்த வடிகால் எந்தத் தெருவில் முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஆளுங்கட்சியும் பேசவில்லை, எதிர்க்கட்சியும் கேட்கவில்லை. கோடிகளைப் பற்றி வாதிடுவதற்குத் தெருவில் இறங்க வேண்டியதில்லை அல்லவா?

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு கரோனா காலத்தில் இருக்கிறது. 2020-இல் தமிழ்நாட்டு சுகாதாரத் துறை ஒவ்வொரு நாள் மாலையிலும் மாவட்டவாரியாக ஒரே வடிவில் அறிக்கை வெளியிட்டது. ஜூன் மாதத்தில், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் மாநிலக் கணக்குக்கும் பொருந்தவில்லை என்பதைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சரிபார்ப்பதற்குக் குழு அமைக்கப்பட்டது. ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. இதை அரசின் தோல்வி என்றே அன்று பலரும் எழுதினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிக்கை நாள் தவறாமல், வடிவம் மாறாமல் வந்ததால்தான் ஊடகங்களால் ஒப்பிட முடிந்தது; ஒப்பிட முடிந்ததால்தான் பிழை வெளிப்பட்டது. தூத்துக்குடிப் பிழை வெளிப்பட நான்கு ஆண்டுகள் ஆயின. இந்தப் பிழை சில வாரங்களில் திருத்தப்பட்டது. வெளிப்படைத்தன்மை அரசைப் பிழையற்றதாக ஆக்கிவிடாது. பிழையின் ஆயுளைக் குறைக்கும்.

இந்தப் பின்னணியில்தான் கரூரைப் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு நான்கு மூத்த இ.ஆ.ப. அதிகாரிகளை அரசின் செய்தித் தொடர்பாளர்களாக நியமித்தது. நல்ல முடிவு. செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் தமிழக வெற்றிக் கழகக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 உயிர்கள் பறிபோயின. அந்த இரவே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் புறப்பட்டுச் சென்றார். செப்டம்பர் 30 அன்று செய்தித் தொடர்பாளர்களில் ஒருவரான பெ. அமுதா, காவல் துறை அதிகாரிகளுடன் அமர்ந்து காணொலிகளைக் காட்டி விளக்கம் அளித்தார். கூட்டத்தின்போது மின்வாரியம் மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை என்பது அவற்றில் ஒன்று. கேள்விகளுக்கும் விடை சொன்னார்கள். 2016-ஐயும் 2018-ஐயும் நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

எனினும் ஒரு நெருடல் இருக்கிறது. மின்சாரம் இருந்ததா, எத்தனை காவலர்கள் நின்றார்கள், எந்த மணிக்கு முதல் ஆம்புலன்ஸ் சென்றது என்பவை அரசின் கையில் உள்ள உண்மைகள். அவற்றை மூன்று நாள் காத்திராமல் அன்றிரவே சொல்லியிருக்கலாம். யாருடைய தவறால் நெரிசல் ஏற்பட்டது என்பது விசாரணைக்கு உரியது. அதற்காக ஒரு நபர் ஆணையத்தை அரசே அமைத்திருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியபோது, தகவல் அளிக்க வந்தவர்கள் வழக்கில் ஒரு தரப்பினராகத் தோற்றமளித்தார்கள். எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா? சதி, திட்டமிட்ட மின்தடை என்று அவரவர் கதைகள் ஓடின. சமூக ஊடகப் பதிவுகளுக்காக வழக்குகளும் கைதுகளும் தொடர்ந்தன. அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றம் விசாரணையை சிபிஐ வசம் ஒப்படைத்து, மேற்பார்வையிட ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. தகவல் அறியும் உரிமைக்கு முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாநிலம் 1997-இல் தமிழ்நாடுதான். 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், ஒருவரின் உயிரோ சுதந்திரமோ தொடர்புடைய தகவலை 48 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது. மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அவற்றோடு தொடர்புடைய உண்மைகளையும், எவரும் விண்ணப்பிக்கக் காத்திராமல் அரசே வெளியிட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நெருக்கடி தொடங்கிய நாள் முதல், குறித்த நேரத்தில், பெயர் சொல்லி ஒரு அதிகாரி வரவேண்டும். தெரிந்தது இது, இன்னும் தெரியாதது இது, நேற்றுச் சொன்னதில் திருத்தம் இது என்று மூன்று பகுதிகளாகச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். மூன்றாவது பகுதியைச் சொல்லும் அதிகாரிக்கு இடமாற்றம் வராது என்ற உறுதி மட்டும் வேண்டும்; அதைத் தரவேண்டியது அரசியல் தலைமை.

செய்தி நிறுவனங்களின் பங்கு இன்னும் எளியது. நெருக்கடியின் முதல் மூன்று நாள்களில் அரசும் கட்சிகளும் சொன்னவற்றை நேரம் குறித்துச் சேமித்துவைப்பது. பின்னர் ஆணைய அறிக்கையோ குற்றப்பத்திரிகையோ வரும்போது, வரிக்கு வரி அருகருகே அச்சிடுவது. 2022 அக்டோபர் 18-க்கு மறுநாள் நாளிதழ்களைப் புரட்டியபோது நான் தேடியது அத்தகைய ஒரு பக்கத்தைத்தான். கரூர் வழக்கில் இறுதி முடிவு வெளியாகும் நாளிலும் தேடுவேன்.